நீ மாற்றிச் சொன்ன ஒரு வாக்கியம்

மகனுக்கு,

உன் புது வீட்டின் கிரகப்பிரவேச அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து, ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். இரண்டையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு பக்கம் சொன்னதையே மறுபக்கமும் சொல்கிறது. நேரம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, பணிவு கூட இரண்டிலும் ஒரே அளவில் இருக்கிறது. ஒரு மொழியில் சொன்னதை இன்னொரு மொழியில் அப்படியே சொல்ல உனக்குத் தெரியும் என்பதற்கு இந்த அட்டையே சாட்சி. அதனால்தான் பதிலை உனக்குப் போனில் சொல்லாமல், ஊர் படிக்கிற இடத்துக்கு எழுதி அனுப்புகிறேன்.

உங்க நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. நகரியில் தறி வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "பையன் நாளைக்கு எப்டி மூஞ்சி காட்டுவான்? வுட்டுத் தொலையேன்" என்றார். அவர் வாழ்க்கை முழுக்க விட்டுத் தொலைத்துக்கொண்டே வந்தவர். நல்ல மனிதர். அவர் சொன்னதற்காக ஒரு சலுகை தருகிறேன்: உன் பெயரை எழுதவில்லை. உன் மனைவி பெயரும் இல்லை, உன் மாமியார் பெயரும் இல்லை. உன் ஆபீசில் யாராவது இதைப் படித்தால் நீ தலையை ஆட்டி, "யாரோ ஒரு அம்மா நல்லா எழுதியிருக்காங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதப் போகிறேன், அவளிடம் கேட்டுவிட்டு. சுகுணா. உன் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துக்கொண்டிருந்தவள். கெட்டது அவள் பெயர்தான். அதனால் சரி செய்யும்போதும் அந்தப் பெயர் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சித்தூர்க்காரி. அரசு பஸ்ஸில் கண்டக்டர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே என் பாதி ஆயுள் ஓடியிருக்கிறது. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் ஒரே வாக்கியத்தில் இரண்டும். சில்லறைச் சண்டை, சீட்டுச் சண்டை, வாந்தி, இறங்கும் இடம், எல்லாவற்றையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிச் சொல்வதும் என் வேலையில் சேர்ந்ததுதான். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. என் மகன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். பொருளில் தப்பு எங்கே வந்தது என்று கண்டுபிடிப்பது அவன் தொழில். குடியிருப்பது திருப்பதியில், ஒரு அபார்ட்மெண்டில்.

இனி உன்னிடம் வருகிறேன். அந்தத் தொட்டியை நீ வாங்கியபோதே எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மீன் வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நம் தெருவில் பாட்டிலில் கூட வளர்த்தார்கள். நீ வாங்கியது உப்புத் தண்ணீர்த் தொட்டி. திருப்பதியிலிருந்து நாயுடுபேட்டைப் பக்கம் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்கு முன் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். நீ கடலை ஹாலுக்கு வரவழைத்தாய். பாக்கெட்டில் உப்பு, அதைக் கரைக்க ஆர்.ஓ. தண்ணீர், அந்தத் தண்ணீரை வடிகட்ட மெஷின், அந்த மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் சாக்கடைக்கு. கோடைக்கு உங்கள் அபார்ட்மெண்டுக்கே டேங்கர் வரும். டேங்கர் வரும் நாளில் வேலைக்காரப் பெண்கள் கீழே குழாயில் முகம் கழுவக் கூடாது என்று செக்ரட்டரி போர்டு எழுதி வைத்திருப்பார். அந்த போர்டைத் தாண்டி, அவர்களுக்கென்று ஒதுக்கிய லிஃப்டில் ஏறி, சுகுணா மேலே வந்து உன் கடல் சிந்திய உப்பைத் துடைப்பாள். இதையெல்லாம் அப்போதே சொன்னேன். "நீ ஒண்ணும்மா, எல்லாத்துலயும் கட்சி பேசுவ" என்று சிரித்தாய்.

தொட்டி வைத்த அன்று நானும் இருந்தேன். உன் மாமியார் சென்னையிலிருந்து வந்திருந்தார். வரும்போதே பட்டுத்துணியில் சுற்றி ஒரு செம்புத் தகடு கொண்டு வந்தார். மச்ச யந்திரம். நடுவில் மீன் படம், சுற்றிலும் எழுத்துக்கள். வீட்டு வாசல் சரியில்லை, இதைத் தரையில் புதைத்தால் தோஷம் போகும் என்று யாரோ வாஸ்துக்காரர் சொல்லியிருக்கிறார். வாடகை வீடு, டைல்ஸ் தரையைத் தோண்ட வீட்டுக்காரர் விடமாட்டார். அப்போது சம்பந்தியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. தொட்டியில்தான் மணல் இருக்கிறதே, அதுவும் மீன் இருக்கிற இடம், இதைவிடப் பொருத்தம் உண்டா? கற்பூரம் காட்டி, தகட்டுக்குக் குங்குமம் வைத்து, பிறகு குங்குமம் தண்ணீரைக் கெடுக்கும் என்று நீ சொன்னதால் அதை மட்டும் துடைத்து, தொட்டி மணலுக்கு அடியில் புதைத்தார்கள். குங்குமத்துக்குப் பயந்தாய், தகட்டுக்குப் பயப்படவில்லை. நான் கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சுகுணா கீழே குந்தி, சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்தோம். இதை நினைவில் வைத்துக்கொள். எல்லோரும் பார்த்தோம்.

பிறகு உன் மீன்கள் சாக ஆரம்பித்தன. முதலில் போனது இறால். உடம்பு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அழகான இறால், நீ போட்டோ அனுப்பியிருந்தாய். காலையில் பார்த்தால் மல்லாந்து கிடந்தது. அடுத்து, பூ மாதிரி விரிந்து ஆடிக்கொண்டிருந்த அந்தக் கடல் உயிர் சுருங்கி, கழற்றிப் போட்ட சாக்ஸ் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஆரஞ்சு மீன்கள் மூலையில் ஒதுங்கி மேலும் கீழும் மூச்சு வாங்கின. நீ புதிது வாங்கினாய். அவையும் செத்தன. பாதித் தண்ணீரை மாற்றினால் சில நாள் நன்றாக இருக்கும், மறுபடி ஒன்று போகும். நீ வீட்டிலேயே செய்கிற டெஸ்டில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. உப்பு சரி, சூடு சரி, கழிவு சரி. எதுவுமே தப்பில்லாமல் எல்லாம் செத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் நீ எனக்குப் போன் செய்த மாதிரி, உங்க நைனா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூடச் செய்யவில்லை. நீல மீன் செத்த அன்று லீவு போட்டாய். அதைப் பூந்தொட்டியில் புதைத்து, அதன் போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தாய். கீழே உன் நண்பர்கள் எல்லாம் ஆறுதல் எழுதியிருந்தார்கள். அந்த மீன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாய், எனக்கே நாலைந்து பெயர் தெரியும். ஒரு நாள் கேட்டேன், சுகுணாவுக்கு ஒரு பெண் இருக்கிறாளே, என்ன பெயர் என்று. நீ யோசித்தாய். "ஏதோ லட்சுமின்னு முடியும்" என்றாய்.

காரணம் தேடுவதில் உங்கள் வீடு எப்படி வேலை செய்தது என்பதைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் மாமியாருக்குக் கண் திருஷ்டி. எதிர் ஃப்ளாட்காரி வந்து "எவ்ளோ அழகா இருக்கு" என்று சொன்ன மறுநாள்தான் இறால் போனதாம். உன் மனைவிக்கு ரூம் ஸ்ப்ரே மேல் சந்தேகம், பிறகு கொசு மருந்து, பிறகு பக்கத்தில் நடக்கும் கட்டட வேலையின் தூசி. மீன் வளர்ப்பவர்களின் குரூப் ஒன்றில் நீ கேட்டாய். அங்கே ஆளுக்கொரு நோய் சொன்னார்கள், ஆளுக்கொரு மருந்து விற்றார்கள். எல்லோரும் ஒரே விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். வீட்டில் வேலைக்காரி இருந்தால் அவள் கையைக் கவனியுங்கள், தரை துடைக்கிற ஃபினாயில் கையைத் தொட்டியில் விட்டிருப்பாள். முகம் தெரியாத ஆட்கள், முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றி, எவ்வளவு உறுதியாக எழுதுகிறார்கள். உனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்திருக்கும். வீட்டுக்குள் தப்பு நடந்தால், வீட்டைச் சேராத ஆள் ஒருத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மீன் சாவது நின்றுவிட்டது. நீ சந்தோஷமாகப் போன் செய்தாய். என்ன காரணம் என்று கேட்டேன். "ஏதோ தண்ணிப் பிரச்சினைம்மா, இப்ப செட்டாயிடுச்சு" என்றாய். அதே மூச்சில், வேலைக்கு வேறு ஆள் வைத்திருப்பதாகச் சொன்னாய். சுகுணா எங்கே என்றேன். "அவ நின்னுட்டாம்மா" என்றாய். நின்றுவிட்டாள். நல்ல வார்த்தை. பஸ்ஸிலிருந்து ஒருவரைத் தள்ளிவிட்டு, இறங்கிவிட்டார் என்று சொல்வது போல.

அடுத்த முறை நான் வந்தபோது தொட்டி ஜொலித்தது. புது மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. பூஜை அலமாரியில் விளக்கேற்றப் போனேன். அந்தச் செம்புத் தகடு அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மீன் படத்தின் மேல் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. "இன்னாடா இது, தொட்டில தானே இருந்துச்சு?" என்று கேட்டேன். நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. க்ளீன் பண்ணும்போது எடுத்தேன், திரும்ப வைக்க வேண்டும் என்றாய். உன் மாமியாரிடம் வேறு சொல்லியிருக்கிறாய்: கொஞ்ச நாள் பூஜையில் வைத்தால் சக்தி ஏறும் என்று. அவரே பெருமையாக என்னிடம் சொன்னார், மாப்பிள்ளைக்கு இப்போதெல்லாம் பக்தி வந்துவிட்டது என்று. எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் செம்புக்கும் மீனுக்கும் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது.

மாம்பழக் காலம் வந்தது. சித்தூர் ரோட்டில் இருக்கிற மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்குத் திருப்பதிப் பக்கத்திலிருந்து பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். இப்போது பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, ஆதாரைப் பார்த்து மெஷினில் பூஜ்யம் அடித்துக் கொடுக்கிறோம். ஒரு கை நீட்டிய அட்டையில் சுகுணாவின் போட்டோ. நிமிர்ந்தால் சுகுணா. விரல் நுனியெல்லாம் மாம்பால் பட்டு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் செய்யாத ஒன்றுக்கு அவள் முகத்தைத் திருப்பினாள். நீ அன்று டிவி பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கம்மா போயிட்ட, சொல்லாம கொள்ளாம நின்னுட்டியே என்று தெலுங்கில் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தெரிந்தே கேட்கிறேனா, தெரியாமல் கேட்கிறேனா என்று அளந்து பார்க்கிற பார்வை. பிறகு சொன்னாள். அவள் சொன்னதை நான் உன்னிடம் போனில் சொன்னேன், நீ மறுக்கவில்லை. எனவே இங்கே எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மீன் கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாய். கடைக்காரர் போன் செய்தார். நீ கையில் வலை வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாய். அவர் தெலுங்கில் சொன்னது ஒரே வரி: "நீள்ளல்லோ ராகி உந்தி சார்." தண்ணீரில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கரைந்த செம்பு கடல் உயிர்களுக்கு விஷமாம். தெலுங்கில் ராகி என்றால் செம்பு. நாம் தின்னுகிற கேழ்வரகைத் தெலுங்கர்கள் ராகுலு என்பார்கள். சித்தூர் ஜில்லாவில் பிறந்த பால்குடிக் குழந்தைக்குக் கூட இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் சோபாவில் உட்கார்ந்திருந்த உன் மாமியாருக்குத் தெலுங்கு தெரியாது. அவர் காதில் விழுந்த ராகி, தமிழ் ராகி. அந்த நேரம் பார்த்து சுகுணா பின்பக்கம் வாஷிங் மெஷின் ஓரத்தில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியில் கொண்டு வந்த ராகி சங்கட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். கேழ்வரகுக் களி, கொஞ்சம் புளிக்குழம்பு. தினமும் அதுதான்.

"நான் அப்பவே சொல்லல?" என்று உன் மாமியார் எழுந்தாராம். "களிய தின்னுட்டு அந்தக் கையாலதான் தொட்டியத் தொடுறா. மிச்சம் மீதிய மீனுக்குப் போட்டிருக்கா." சுகுணாவுக்குத் தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, தொட்டியைக் காட்டி, உன்னைப் பார்த்து, தெலுங்கில் சொன்னாள். அந்த வீட்டில் அந்த மொழி தெரிந்தது உங்கள் இரண்டு பேருக்கும்தான், அவள் வேறு யாரிடம் சொல்வாள்? "அதி தினே ராகி காது சார். மீ அத்தகாரு பெட்டின ரேகே."

உன் மாமியார் உன்னைக் கேட்டார், "இன்னா சொல்றா?"

நீ சொன்னாய், "இனிமே போடமாட்டேன்னு சொல்றா அத்தை."

சுகுணா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், யாரோ ஏறினார்கள், டிக்கெட் அடித்தேன். நீ அவளைத் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். துரத்தியிருந்தாலும் தாங்கியிருப்பாள். நீ அவள் வாயிலிருந்து வந்த மறுப்பை எடுத்து, அவளே ஒப்புக்கொண்டதாக மாற்றி, தமிழ் தெரிந்தவர் கையில் கொடுத்தாய். அவள் கண் முன்னால் கொடுத்தாய். "சார் இன்னா சொன்னாருன்னு புரிஞ்சுக்கற அளவுக்கு எனக்குத் தமிழ் தெரியும், அது சாருக்கும் தெரியும்மா" என்றாள். அவள் அங்கேயே மறுபடி சொல்லப் பார்த்தாளாம். நீ தெலுங்கில், தணிந்த குரலில், "ஊருக்கோ சுகுணா, நேனு சூஸ்குண்டானு" என்றாயாம். சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நன்றாகப் பார்த்துக்கொண்டாய். அன்று சாயங்காலமே உன் மனைவி அபார்ட்மெண்ட் குரூப்பில் எழுதிவிட்டாள்: எங்கள் வீட்டு வேலைக்காரி மீன் தொட்டியில் சாப்பாட்டைக் கொட்டி மீன்களைச் சாகடித்துவிட்டாள், அவளே ஒப்புக்கொண்டாள், மற்றவர்கள் கவனமாக இருங்கள். அந்தக் கட்டடத்தில் அவள் வேலை செய்த அத்தனை வீட்டிலும் மறுநாள் கதவு மூடியது. கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நீ தகட்டை வெளியே எடுத்தாய், அவளையும் வெளியே எடுத்தாய். மீன்கள் பிழைத்துக்கொண்டன.

நான் உனக்குப் போன் செய்தேன். கத்தவில்லை, உனக்கே தெரியும். தெலுங்கில் அவள் சொன்ன வரியைச் சொல்லி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டேன். நீ அதைச் சொல்லாமல், "அம்மா, அத்தை ஆசையா வெச்ச தகடு. அவங்க வெச்சதாலதான் செத்துச்சுன்னு எப்டிச் சொல்ல முடியும்? வீட்ல பெரிய சண்டை ஆயிருக்கும்" என்றாய். சுகுணாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைத்துவிடும் என்றாய். இப்போது எல்லாம் அடங்கிவிட்டது, அதைப் போய்க் கிளறாதே என்றாய். 'நான் பொய் சொல்லவில்லை' என்று மட்டும் நீ ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அதற்கு மட்டும் நன்றி.

சண்டை வேண்டாம் என்பதைப் பற்றி நான் யோசித்துப் பார்த்தேன். பயத்தில் செய்தாயா? உன் மாமியார் புலி இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், மூன்றாம் நாள் வாஸ்துக்காரரைத் திட்டிவிட்டு உனக்கு அதிரசம் சுட்டுப் போட்டிருப்பார். அவரை நான் இதில் பெரிதாகக் குற்றம் சொல்லமாட்டேன். மீன் படம் போட்ட தகடு மீனைக் கொல்லும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ராகி என்றால் செம்பு என்று சென்னையில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? களி தின்னுகிற கையைப் பார்த்து அருவருப்பு வந்தது மட்டும் அவருடையது. அது வேறு கணக்கு, அதையும் ஒரு நாள் அவரிடம் பேசுவேன். உனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. உன்னைச் செய்ய வைத்தது பயம் கூட இல்லை, சோம்பல். இரண்டு பேரில் ஒருவர் மனம் நோக வேண்டும் என்ற நிலை வந்தது. ஒருத்தி நாளைக்கும் அந்த சோபாவில் உட்காருவாள். இன்னொருத்தி சோபாவில் உட்காரவே மாட்டாள். உன் கை தானாகச் சுலபமான பக்கம் போயிற்று. உன்னைப் போன்றவர்கள் இதற்குத்தான் அமைதி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் அபார்ட்மெண்ட் முழுக்க அந்த அமைதிதான். யாரோ ஒருவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே எல்லோரும் குரல் உயர்த்தாமல் பேசிக்கொள்கிறீர்கள்.

நீ எப்போதுமே இப்படி இருக்கவில்லை, அதுதான் என்னைக் குடைகிறது. நீ காலேஜ் படிக்கும்போது ஒரு நாள் என் பஸ்ஸில் வந்தாய். தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்த ஒரு வயதான தம்பதியின் பை திருப்பதி பஸ் ஸ்டாண்டில் காணாமல் போயிருந்தது. அங்கிருந்த போலீஸ்காரர் தெலுங்கில் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நீ நடுவில் போய் நின்றாய். அந்த அம்மா சொன்னதை ஒரு சொல் குறையாமல் தெலுங்கில் சொன்னாய். போலீஸ்காரர் சொன்னதையும் மெழுகிப் பூசாமல் அப்படியே தமிழில் சொன்னாய், "இவங்க கவனமா இல்லாததுக்கு நான் இன்னா பண்றதுங்கிறாரும்மா" என்று. கேட்டதும் அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரோடு சண்டைக்கே போய்விட்டாள். நீ அந்தச் சண்டையையும் வரிக்கு வரி மாற்றிச் சொன்னாய். கடைசியில் அந்த ஆளுக்கே சிரிப்பு வந்து, எழுந்து போய்த் தேடினார். பை கிடைத்ததா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. நீ நின்ற இடம் ஞாபகம் இருக்கிறது. அன்று என் டிரைவரிடம் சொன்னேன், என் பையன் என்று. இப்போது யாராவது கேட்டால் பையன் ஸ்ரீசிட்டியில் இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைக்குப் புத்தி சொல்லும் கடிதத்தில் பெற்றவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போலிருக்கிறது. என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இரண்டு மொழி தெரிந்தவன் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கும்போது, அவனை நம்பித்தான் இரண்டு பேரும் வாயைத் திறக்கிறார்கள். டாக்டரை நம்புவதை விட அதிகமாக நம்புகிறார்கள், ஏனென்றால் சரிபார்க்க வழியே இல்லை. அந்த இடத்தில் நின்று ஏமாற்றுகிறவனைப் பிடிக்கவும் முடியாது. அவன் மறுபடி மறுபடி செய்வான். உன் தொழிலில் நீ இதைத்தானே செய்கிறாய், ஒரு தப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்ப் பிடிப்பது? இந்தத் தப்பைப் பின்னாலேயே போ. மணலைக் கிளறு. அடியில் நீ கிடப்பாய்.

சுகுணாவிடம் போன வாரம் கேட்டேன், என் மகன் வந்து மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்வாயா என்று. அவள் சிரித்தாள். மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கூழ் ஃபேக்டரி மாம்பழம் இருக்கிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தக் கட்டடத்து வீடுகள் வேண்டும், கேட் திறக்க வேண்டும். அவள் பெண் படிக்கிற பள்ளியிலேயே உங்கள் வாட்ச்மேனின் பிள்ளையும் படிக்கிறது. செய்தி அங்கேயும் போயிருக்கிறது. அந்தப் பெண் இப்போது சங்கட்டி கட்டிக் கொடுத்தால் எடுத்துப் போவதில்லையாம். "மீன் சாவற சோறு எனக்கு வேணாம்" என்கிறாளாம். ஒரே பெயர்தான் என்றேன், இதையும் சுகுணாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்: அவள் பெயர் வரலட்சுமி. லட்சுமியில் முடிகிறது, நீ சொன்னது சரிதான்.

அதனால் நான் கேட்பது மன்னிப்பு இல்லை. கிரகப்பிரவேசத்தன்று உன் மாமியார் இருப்பார், உன் மனைவி இருப்பாள், பழைய அபார்ட்மெண்ட்காரர்கள் எல்லோரும் சாப்பிட வருவார்கள். அந்தச் செம்புத் தகட்டைப் புது வீட்டுத் தரையில் புதைக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். தாராளமாகப் புதையுங்கள், தரைக்கு உயிர் இல்லை. புதைப்பதற்கு முன் அதைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் காட்டி, சுகுணா அன்று சொன்ன வாக்கியத்தைத் தமிழில் சொல். பிறகு அதையே உன் மனைவி எழுதிய அந்த குரூப்பில், அவள் எழுதியதற்குக் கீழே, எழுது. விளக்கம் வேண்டாம், வருத்தம் வேண்டாம், 'தவறான புரிதல்' என்ற வார்த்தை கண்டிப்பாக வேண்டாம். அவள் சொன்னதை மட்டும் சொல்.

நான் அன்றைக்கு லீவு போடவில்லை. டூட்டி வாங்கியிருக்கிறேன். என் பஸ் உன் புது வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். நீ சொல்லிவிட்டாய் என்று அந்த வாட்ச்மேன் மூலம் தெரிந்து சுகுணா எனக்குப் போன் செய்தால், அடுத்த ட்ரிப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, அந்த முனையில் இறங்கி வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். போன் வராவிட்டால் ஜன்னல் பக்கம் கூடத் திரும்பமாட்டேன். உங்க நைனா வருவார். அவருக்கு நல்ல இடமாகப் பார்த்து உட்கார வை.

வாக்கியம் சின்னதுதான். "அது தின்னுகிற ராகி இல்லை சார். உங்கள் மாமியார் வைத்த தகடுதான்." பார், எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா